தோளில் மூன்று பொய்

அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டே காதுகள்தான் வேலை செய்தன. இரண்டும் அவளுடையவை.

அவள் கணவர் தகர டப்பாத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மூடி அடிக்கும் இயந்திரத்தருகே நின்றவர். நிமிடத்துக்கு எண்பது மூடி, ஒவ்வொரு மூடிக்கும் ஓர் அடி. கூட வேலை பார்த்தவர்கள் அவரை 'மூடி' என்றே கூப்பிட்டார்கள். அத்தனை அடியும் காதுக்குள் போய்ச் சேர்ந்து சேர்ந்து, ஒருநாள் உள்ளே இடமில்லை என்று காது கதவைச் சாத்திக்கொண்டது. நரம்பு போய்விட்டது என்று மருத்துவர் சொன்னார். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். அதை மாட்டினால் உலகம் முழுக்க மூடி அடித்தது. இரண்டு வாரத்தில் கருவி மேசை இழுப்பறைக்குப் போனது. அவர் பெட்டி கட்டும் பிரிவுக்குப் போனார்.

எதிரில் நின்று பேசினால் உதட்டைப் படித்துவிடுவார். தம்முடைய குரல் எவ்வளவு உயரம் போகிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. "எங்க அண்ணன் ரகசியம் சொன்னா தெருவே குறிப்பெடுத்துக்கும்" என்பாள் அவருடைய தங்கை. அவர் குரல் கூரையைத் தொடும்போதெல்லாம் மனைவி உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைப்பாள். அவர் அடுப்பைத் தணிப்பதுபோலக் குரலைத் தணித்துக்கொள்வார்.

அவளுடைய வேலையோ கேட்பது. குடிநீர் வாரியத்தின் புகார் மையத்தில் நாலாம் நம்பர் நாற்காலி. தண்ணீர் வரவில்லை, தண்ணீர் நிற்கவில்லை, தண்ணீரில் வாடை அடிக்கிறது. ஊர்க் கோபமெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். எட்டு மணி நேரம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திட்டுகிறவருக்கும் அழுகிறவருக்கும் ஒரே குரலில் "உங்க புகார் பதிவாயிடுச்சு" என்று சொல்ல வேண்டும்.

காது போனபின் அவர் விடாமல் வைத்திருந்த ஒரே பொழுதுபோக்கு கணினியில் ஒரு துப்பாக்கி விளையாட்டு. உலகம் பூராவும் ஆடினார்களே, அதுதான். திரையில் துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரியும். அந்தக் கைக்குச் சொந்தக்காரன் நாம்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். காது கேட்ட காலத்தில் அதில் அவர் புலி. காது போனபின் முதுகுப்பக்கமிருந்து யார் வந்தாலும் தெரியாது. செத்துச் செத்து எழுந்துகொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் இடப்பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதுபோலப் பதறி அவருடைய இடது தோளைப் பிடித்துவிட்டாள். அவர் சட்டென்று இடதுபக்கம் திரும்பினார். அங்கே ஒருவன் நின்றான். சுட்டார். விழுந்தான்.

அவர் நாற்காலியோடு திரும்பி அவளைப் பார்த்தார். கடவுள் ஒரு பக்கம் சாத்தியதை இன்னொரு பக்கம் திறந்து காட்டினால் மனிதன் எப்படிப் பார்ப்பானோ, அப்படி.

"இன்னொரு தடவை பண்ணு" என்று கத்தினார். அவள் உள்ளங்கையைக் கீழே அசைத்தாள். "இன்னொரு தடவை பண்ணு" என்றார் மெதுவாக.

அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒரு பாஷை உண்டானது. இடது தோளில் தட்டினால் இடதுபக்கம் ஆள். வலது தோளில் தட்டினால் வலதுபக்கம். பிடரியில் விரல் பட்டால் பின்னால். உள்ளங்கையை முதுகில் விரித்து வைத்தால், ஒன்றுமில்லை, நட. புகார் மையத்தில் கழித்துப்போட்ட ஒரு ஹெட்போனைக் கேட்டு வாங்கி வந்தாள். வாரத்தில் ஐந்து நாள் ஊருக்காக மாட்டுவதை ஞாயிற்றுக்கிழமை அவருக்காக மாட்டிக்கொண்டாள். ஒலி அவள் காதுக்கு வரும், அவள் கைவழியாக அவர் தோளுக்குப் போகும், அவர் விரல்வழியாகத் திரைக்குத் திரும்பும்.

அந்தப் பாஷை தானாகத் தெருவுக்கும் வந்தது. சாலையைக் கடக்கும்போது வண்டி வரும் பக்கத்துத் தோளைத் தட்டுவாள். அவர் அந்தப் பக்கம் பார்த்து ஒதுங்குவார். உள்ளங்கை முதுகில் பட்டால், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பார்க்காமல் நேரே நடந்துவிடுவார். அப்படி நடக்கிற மனிதரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். அவளுக்கு மட்டும் வந்ததில்லை. அது எத்தனை பெரிய கொடை என்றும் அவள் அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

ஆறு வருடம் இப்படிப் போனது. அந்த விளையாட்டின் பெரிய கதையை இரண்டு தடவை முடித்துவிட்டார்கள். அப்புறம் அதே கதைக்கு வால்போலக் குட்டி அத்தியாயம் ஒன்று வெளியானது. மொத்தம் ஆறு பாகம், நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். அவர் தங்கை அதை அவருடைய பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுங்க, அண்ணி. கடைசியில என்ன ஆகுதுன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லிடுவேன்னு பயமா இருக்கு, அதனால கிளம்பறேன்" என்று காப்பியைக்கூட முடிக்காமல் ஓடினாள்.

குட்டி அத்தியாயத்தில் வீரனோடு ஒரு பெண்ணும் கூடவே வருகிறாள். இயந்திரம் பழுது பார்ப்பவள். இந்தக் கதவைத் திற, அந்தப் பக்கம் போகாதே, ஏன் நிற்கிறாய், சீக்கிரம் வா என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் பேசுவது எழுத்தாகத் திரையின் அடியில் ஓடும்.

"அப்படியே என் தங்கச்சி" என்றார் அவர்.

"நம்ம வீட்டுக்கு வந்த நாத்தனார் போதாதுன்னு கணினிக்குள்ளயும் ஒருத்தியா?" என்றாள் அவள்.

அதிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் பெயர் நாத்தனார். "நாத்தனார் கூப்பிடறா, போங்க." "நாத்தனார் கோவிச்சுக்கிட்டா, கதவு திறக்க மாட்டா." முதல் ஞாயிறு இரண்டு பாகம் முடித்தார்கள். மூன்றாம் பாகம் தண்ணீர் புகுந்த ஒரு சுரங்க ரயில் நிலையம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்; ஒரே இருட்டு. கைவிளக்கு சில நொடிதான் எரிகிறது. உள்ளே கண்ணில்லாத பிராணிகள் நாக்கைச் சொடுக்கிக்கொண்டு அலைகின்றன. சொடுக்கும் சத்தத்தை வைத்துத்தான் எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாத்தனார் பேசினால் எழுத்து வரும். பிராணி சொடுக்கினால் வராது.

"இது உனக்குன்னே பண்ணியிருக்கான்" என்று அவர் கையைத் தேய்த்துக்கொண்டார். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

அடுத்த ஞாயிறு வருவதற்குள் அந்த வியாழக்கிழமை வந்துவிட்டது.

அன்று காலையிலேயே ஒருவர் தொலைபேசியில் அவளைச் சொல்லக்கூடாத வார்த்தை சொன்னார். மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லையாம்; நாலாம் நம்பர் நாற்காலிதான் குழாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலப் பேசினார். அவள் "உங்க புகார் பதிவாயிடுச்சு" என்றாள். சாயங்காலம் பேருந்தைவிட்டு இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. குடை அலுவலகத்தில், வீட்டுச் சாவியும் அங்கேயே, மேசை இழுப்பறையில்.

அழைப்பு மணியை அழுத்தினாள். அவர்கள் வீட்டு மணிக்குச் சத்தம் கிடையாது. மணியை அழுத்தினால் கணினி மேசைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு போன வாரம் கெட்டுப்போனது. புதிதாக வாங்கி வருவதாகச் சொன்னவள் அவள். இரண்டு தடவை அந்தக் கடைவழியாகவே வந்தும் மறந்திருந்தாள்.

பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடிவழியாக அவருடைய முதுகு தெரிந்தது. விளையாடிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினாள். அறைந்தாள். கைபேசியில் கூப்பிட்டாள், அவருடையது படுக்கையறையில் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் மழையில் நின்று, தன் கணவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அந்த மனிதர் சொன்ன வார்த்தையிலிருந்து சாவிவரை, சாவியிலிருந்து விளக்குவரை, எல்லாமே அந்த முதுகின்மேல் போய் உட்கார்ந்துகொண்டன.

தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் அவர் அவளைப் பார்த்தார். கதவைத் திறந்து, துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ, எவ்வளவு நேரமா நிக்கறே? நான் ஒரு மடையன்!" அவள் துண்டை வாங்கவில்லை. உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். அவர் முகம் வாடி நின்றார். அவளைச் சிரிக்கவைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"வா, மனசு மாறும். மூணாவது பாகம் ஆரம்பிப்போம். நீ இல்லாம அந்த இருட்டுக்குள்ள நான் காலே வைக்க முடியாது."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஈரத் தலைமுடியிலிருந்து கழுத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இருட்டுக்குள் நுழைந்தார்கள். முதல் சொடுக்கு வலப்பக்கம் தெளிவாகக் கேட்டது.

அவள் இடது தோளைத் தட்டினாள்.

அவர் இடதுபக்கம் திரும்பினார். வலப்பக்கமிருந்து அது பாய்ந்தது. திரை சிவந்தது. "அடடா, நான்தான் மெதுவாத் திரும்பிட்டேன்" என்று அவர் சிரித்தார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் வலப்பக்கம் சொடுக்கு. மறுபடியும் இடது தோள். "வயசாயிடுச்சு எனக்கு" என்றார். மூன்றாம் தடவை தட்டும்போது, நிறுத்திவிடு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதுவும் அவள் குரல்தான். கடவுள் நம்மோடு பேச வேறு குரல் வைத்துக்கொள்வதில்லை. அவள் அதைக் கேட்டாள், கேட்டபின்பும் தட்டினாள்.

மூன்றாம் தடவை திரை சிவந்தபோது அவர் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். உதட்டைப் படிக்கிற மனிதருக்கு முகத்தைப் படிப்பது பெரிய காரியமா? கணினியை அணைத்தார். "தலையைத் துவட்டிக்கோ. சளி பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார். அவருடைய குரல் அன்றைக்கு அதிசயமாகத் தணிந்தே இருந்தது.

மறுநாள் அவரே கடைக்குப் போய்ச் சிவப்பு விளக்கு வாங்கி மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஹெட்போனை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் பதறாமல், சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு வேண்டாம்மா. உனக்கும் காதுக்கு ஓய்வு வேணுமே" என்றார். அதற்கடுத்த ஞாயிறு பெட்டி கட்டும் பிரிவில் கூடுதல் வேலை என்றார். அதற்கும் அடுத்த ஞாயிறு அவள் கேட்கவே இல்லை.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். ஆனால் அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்பது எளிதல்ல. மற்ற வீடுகளில் முதுகைத் திருப்பிக்கொண்டு சொல்லலாம், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லலாம், விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லலாம். இங்கே அவர் கண்முன் நின்று, முகத்தில் வெளிச்சம் விழ, வாயைத் திறந்து சொன்னால்தான் அவருக்குப் போய்ச் சேரும். அவ்வளவு வெளிச்சத்தில் நிற்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அரை மணி நேரம் மழையில் நின்றவள் நான்தானே என்று ஒரு வீம்பும் இருந்தது. வீம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. வெட்கம் மட்டும் கரையவில்லை.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் சாலையைக் கடந்தார்கள். அவர் கையில் ஒரு டஜன் முட்டை. வலப்பக்கமிருந்து ஒரு சைக்கிள் வேகமாக வந்தது. அவள் வலது தோளைத் தட்டினாள். இந்தத் தடவை நிஜம்.

அவர் இடதுபக்கம் பார்த்தார்.

ஒரே ஒரு கணம்தான். இடதுபக்கம் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு வலப்பக்கம் திரும்பினார். அதற்குள் சைக்கிள் அவருடைய முழங்கையை உரசி, முட்டைப் பையைத் தட்டிவிட்டுப் போய் நின்றது. அடி ஒன்றுமில்லை. பை மட்டும் தரையில் மஞ்சளாக ஒழுகியது.

"மணி அடிச்சுக்கிட்டே வரேன், காது என்ன செவிடா?" என்று சைக்கிள்காரன் கத்தினான்.

"ஆமாம், செவிடுதான்" என்றார் அவர், உதட்டைப் படித்துவிட்டு, கொஞ்சமும் கோபமில்லாமல். "நீங்க அடிச்ச மணி நல்ல மணியாத்தான் இருக்கும். தப்பு என்னோடது."

சைக்கிள்காரன் முகம் செத்துப்போய், இறங்கி வந்து, உடையாத நாலு முட்டையைப் பொறுக்கித் தன் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தான். "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனான். ஊர் பேர் தெரியாத ஒருவன் கால் நிமிடத்தில் செய்ததை அவளால் ஒரு மாதமாகச் செய்ய முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் நாலு முட்டையையும் எடுத்துவைத்தார். கைக்குட்டையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டார்; என்றைக்காவது அவனைப் பார்த்தால் கொடுக்க வேண்டுமாம். இடதுபக்கம் பார்த்தது அவர் வேண்டுமென்று செய்ததல்ல என்று அவளுக்குத் தெரியும். அவர் கழுத்து தானாகச் செய்தது. அந்தக் கழுத்துக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அவள் கை.

இரண்டு நாள் கழித்து நாத்தனார் வந்தாள், நிஜ நாத்தனார். வந்ததும் வராததுமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்ன அண்ணே, குட்டி அத்தியாயம் முடிச்சாச்சா இல்லையா? யார்கிட்டயும் பேச முடியாம எனக்கு வாய் அரிக்குது."

மனைவி தரையைப் பார்த்தாள்.

"முடிச்சோமே!" என்றார் அவர். "கடைசி ரயில் கிளம்பறப்ப அந்தப் பொண்ணு கையை நீட்டறாளே, உங்க அண்ணி அழுதே போயிட்டா."

"ஐயோ, நானும் அழுதேன் அண்ணி! அந்த இருட்டு ஸ்டேஷன் எப்படித் தாண்டினீங்க? நான் பத்து தடவை செத்தேன்."

"எங்களுக்கென்ன கவலை? நீதான் சொன்னியே, ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுங்கன்னு" என்றார் அவர். அவளைப் பார்க்காமல், தங்கையைப் பார்த்தே சொன்னார்.

நாத்தனார் போகும்வரை அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ரயில் கிளம்புவதையும் கை நீட்டுவதையும் அவள் கண்டதில்லை. தான் சிந்தாத கண்ணீருக்கு அவர் பாராட்டு வாங்கித் தந்துவிட்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் கணினி மேசையைத் துடைத்தாள். விசைப்பலகையைத் தூக்கியபோது அதன் அடியில் ஒரு பெட்டிச் சீட்டு இருந்தது. தொழிற்சாலைப் பெட்டிகளில் ஒட்டுவார்களே, அது. பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார்.

வ. வ. இ. பி. இ. வ. பி. பி. வலது, இடது, பின்னால் என்று பதினேழு எழுத்து. பல இடத்தில் அடித்து, மேலே வேறு எழுத்து எழுதி, அதையும் அடித்திருந்தது. அந்த இருட்டு நிலையத்தில் பதினேழு பிராணிகள். அவை வரும் வரிசை மாறுவதில்லை என்று அவர் செத்துச் செத்துக் கண்டுபிடித்திருக்கிறார். ஒவ்வொரு சாவுக்கும் ஓரத்தில் ஒரு கோடு. நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. அவள் எண்ணினாள். ஐம்பத்தெட்டு.

முதல் மூன்று கோடு மட்டும் தனியாக, கொஞ்சம் தள்ளி இருந்தது.

அவள் கையிலிருந்த துடைப்புத் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கையைக் கேட்பதைவிட, ஐம்பத்தைந்து தடவை சாவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அன்று புகார் மையத்துக்கு விடுப்புச் சொன்னாள். அவர் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. நகரவில்லை.

"அன்னிக்கு நான் வேணும்னே தப்பாத் தட்டினேன்" என்றாள். "மூணு தடவையும்."

"தெரியும்" என்றார். குரல் தெருவரை போயிருக்கும். அவள் கையை அசைத்துத் தணிக்கவில்லை. கேட்டால் கேட்கட்டும்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை திட்டலை?"

"நீ அரை மணி நேரம் நனைஞ்சே. நான் மூணு தடவை செத்தேன். சரியாப் போச்சுன்னு நினைச்சேன்."

"சரியாப் போகலையே."

அவர் செருப்பை ஓரமாக வைத்தார். "போகலைதான்" என்றார். "மனசு அன்னிக்கே அதை விட்டுடுச்சும்மா. இந்த உடம்பு இருக்கே, அதுதான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது. நீ கை வச்சா முதுகு ஒரு தடவை திடுக்குங்குது. அது உனக்குத் தெரிஞ்சிடக் கூடாதேன்னுதான் தனியா ஆடினேன்."

"அன்னிக்கு என்னை வெளியில விட்டுட்டு அப்படி என்னதான் ஆடிக்கிட்டிருந்தீங்க?" கோபமாகக் கேட்கவில்லை, தன் பக்கத்தில் ஏதாவது ஒரு துரும்பு நியாயம் கிடைக்குமா என்று கேட்டாள்.

"ரெண்டாவது பாகத்தையே திரும்ப ஆடிக்கிட்டிருந்தேன். மூணாவது நீ வந்தப்புறம்தானே?"

அவளுக்கு அந்தத் துரும்பும் போயிற்று.

"முதல்லேருந்து ஆடலாம். ரெண்டு பேருமா" என்றாள், முந்தானையால் கண்ணையும் வாயையும் துடைத்துக்கொண்டு. "வாயிலேருந்து துணியை எடுத்துட்டுப் பேசு, படிக்க முடியல" என்றார் அவர். மறுபடி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு பாகத்திலும் நாத்தனாரைக் கேலி செய்தார்கள். கேலி பழைய கேலிதான். சிரிப்புதான் கொஞ்சம் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தது. முதல் தடவை பார்க்கும் இன்பம் எதிலும் இல்லை. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். சில காரியங்களை மன்னிக்கலாம், திரும்பச் செய்ய முடியாது. ஒரு கதையை முதல் தடவை சேர்ந்து பார்ப்பது அதில் ஒன்று.

இருட்டு நிலையம் வந்தது. பெட்டிச் சீட்டு மேசையில் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை, பதினேழும் அவருக்கு மனப்பாடம். இனி என் கைக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினாள்.

உள்ளே போனார்கள். விளக்கு அணைந்தது. வலப்பக்கம் சொடுக்குச் சத்தம் கேட்டது. கையைத் தூக்கினாள். அந்தரத்தில் கை நின்றது. தொட்டால் அவர் முதுகு திடுக்கிடும். அதைத் தன் விரலால் உணர வேண்டும். அந்தத் தயக்கத்திலேயே இரண்டு நொடி போயிற்று. பிராணி வலப்பக்கமிருந்து பாய்ந்தது. திரை சிவந்தது.

அவர் அசையவே இல்லை. விரல்கள் மவுஸ்மேல் அப்படியே கிடந்தன.

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவர் முகத்துக்கு நேரே வந்தாள். "முதல்ல வலதுன்னு உங்களுக்குத் தெரியுமே! ஏன் திரும்பலை?"

"தெரியும்" என்றார் அவர். "நீ தட்டலையே."

 அவள் பென்சிலை எடுத்து, சீட்டின் ஓரத்தில், ஐம்பத்தெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டாள். இது என்னுடையது என்பதுபோல அழுத்திப் போட்டாள். உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சொடுக்குக் கேட்டதும் வலது தோளைத் தட்டினாள். முதுகு திடுக்கிட்டது. அவள் விரலுக்கு அது தெரிந்தது. அவர் வலப்பக்கம் திரும்பினார்.

பதினேழையும் அப்படியே தாண்டினார்கள். கடைசி ரயில் கிளம்பியபோது அந்தப் பெண் கையை நீட்டினாள். அவள் அழுதாள். "நான் சொன்னேன் இல்ல, நீ அழுவேன்னு" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

சாயங்காலம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனார்கள், சைக்கிள்காரன் தென்படவில்லை. திரும்பும்போது சாலையோரம் நின்றார்கள். இரண்டு பக்கமும் வண்டி இல்லை. அவள் உள்ளங்கையை அவர் முதுகில் விரித்து வைத்தாள்.

அவர் கழுத்து இடதுபக்கம் போனது, வலப்பக்கம் போனது. தாமே பார்த்துக்கொண்டார். பார்த்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாப் பாருங்க" என்றாள் அவள், அவர் முகத்துக்கு நேராக. கையை எடுக்கவில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, அவரோடு சேர்ந்து அடியெடுத்து வைத்தாள்.